பஸ் வராத ஊரில் மனநல சிகிச்சை: வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பர்கூர், கல்வராயன், ஜவ்வாது, கொல்லிமலை, வால்பாறை எஸ்டேட் லைன் வீடுகள், ராமநாதபுரத்துக் கடலோரம் என்று தமிழ்நாட்டில் டவுனுக்குப் போய்வரவே ஒரு நாள் ஆகிற ஊர்களில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எங்கள் வீட்டில் ஒருவர் மனநோய்க்கு மாத்திரை எடுக்கிறார், அதனால் இதே நிலையில் இருக்கும் பல குடும்பங்கள் பழக்கம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஆளை எப்படிக் கூட்டிப்போவது என்றுதான் எல்லோரும் தவிக்கிறார்கள், ஆனால் நகையை வைத்தோ வட்டிக்கு வாங்கியோ, ஜீப் பிடித்தோ எப்படியும் ஒரு தடவை போய்விடுகிறார்கள். காரியம் கெடுவது அதற்கு அடுத்த மாதம், கொடுத்த மாத்திரை தீர்ந்து, திரும்பப் போகக் காசும் ஆளும் இல்லாதபோது. அதனால் எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று யோசிக்கும்போதே, மாதாமாதம் மாத்திரை எங்கே வாங்குவோம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

எங்கள் ஊரைச் சுற்றி மனநல டாக்டரே கிடையாது. எங்கே போவது?

நாடு முழுவதுமே அப்படித்தான். 2015-16இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, அந்த இருப்பவர்களும் நகரங்களில்தான். நோய் இருப்பவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் சிகிச்சையே எடுக்காமல் இருப்பதாகவும் அதே கணக்கெடுப்பு சொன்னது.

மாவட்டத் தலைநகரில் உள்ள பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருப்பது பலருக்குத் தெரியும். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருப்பதுதான் தெரியாது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள் 1980களில் பெல்லாரி மாவட்டத்தில் செய்துபார்த்த ஏற்பாடு அது, மத்திய அரசு 1996இல் அதைத் திட்டமாக்கியது, தமிழ்நாட்டில் திருச்சியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. இந்தத் திட்டத்தின் மனநல டாக்டரும் அவருடைய குழுவும் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருவார்கள். உங்கள் தாலுகாவுக்கு எந்தக் கிழமை என்பதை ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியாவிட்டால் பி.எச்.சி. டாக்டரிடம், இல்லையென்றால் அரசின் சுகாதார உதவி எண்ணான 104க்குப் போன் போட்டுக் கேளுங்கள். அப்புறம், கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த ஆஸ்பத்திரிக்கே கூப்பிட்டு "நாளைக்கு டாக்டர் வருகிறாரா" என்று உறுதி செய்துகொள்ளுங்கள். லீவு, கோர்ட், முகாம் என்று அவர் வராத நாட்கள் உண்டு, அது தெரியாமல் கூலியை விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்த குடும்பம் அடுத்த தடவை கிளம்புவதே இல்லை.

மனநோய்தானா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

வாரக்கணக்கில் தூங்காமல் இருப்பது, யாரும் இல்லாதபோது பேசுவது சிரிப்பது, சோற்றில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று சாப்பிட மறுப்பது, நன்றாக வேலைக்குப் போனவர் குளிக்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவது, திடீரென்று ஊரையே விலைக்கு வாங்கப்போவதாகப் பேசிக் காசை இறைப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் அழுதுகொண்டே இருப்பது. இவை இரண்டு மூன்று வாரம் நீடித்தால் காட்ட வேண்டும்.

சில நேரம் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. நேற்றுவரை சரியாக இருந்த வயசானவர் இன்று ஆள் அடையாளம் தெரியாமல் உளறினால், காய்ச்சலோடு சேர்ந்து உளறினால், அது பெரும்பாலும் உடம்பில் உள்ள கோளாறு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தி இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, இல்லாத பூச்சியெல்லாம் தெரிகிறது என்றால் அதுவும் உயிருக்கு ஆபத்து. குழந்தை பெற்று சில நாட்களே ஆன பெண் தூங்காமல், தொடர்பில்லாமல் பேசி, குழந்தையைப் பார்த்துப் பயப்பட்டால் அதற்கும் அன்றைக்கே போக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குக் காத்துக் கருப்பு என்று பல ஊர்களில் முதலில் மந்திரிக்கப் போகிறார்கள், அந்த இடைவெளியில் தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன வேண்டுமானாலும் ஆகலாம்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போகலாமா?

போகலாம், யாரும் தடுக்கவில்லை. பக்கத்தில் டாக்டர் இல்லாத ஊரில் மனசுக்கு ஆறுதல் கிடைப்பது அங்கேதான். முசிறி பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைக்கக் கூட்டிவருவது பழைய வழக்கம், இன்று அங்கே மனநல மறுவாழ்வு மையமும் நடக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மருந்தும் துவாவும், அதாவது பிரார்த்தனையும், சேர்ந்தே நடக்கட்டும் என்று தர்கா பக்கத்திலேயே அரசு மனநல கிளினிக் வைத்தார்கள். சாமி கும்பிட்டுக்கொண்டே மாத்திரை சாப்பிடலாம் என்பதை இந்த இரண்டு இடங்களுமே ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

எனக்கு உடன்பாடு இல்லாதது இரண்டே விஷயம். ஒன்று, "இங்கே வந்துவிட்டால் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும்" என்று சொல்லும் எந்த இடத்திலும் ஒரு ராத்திரிகூட இருக்காதீர்கள். இரண்டாவது, சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்துபோனார்கள், சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் ஓட முடியவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று சொல்கிறது.

வீட்டில் கட்டிவைத்திருக்கிறோம். வேறு வழியில்லை. போலீஸ் வருமா?

கட்டிவைக்கும் குடும்பங்களில் முக்கால்வாசிப் பேர் கொடுமைக்காரர்கள் இல்லை, இரண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்கிற நிலையில் இருப்பவர்கள். ஆனாலும் அது தவறுதான், வீட்டில் ஒருவரை இப்படி நடத்துவதாகத் தெரியவந்தால் போலீஸ் மாஜிஸ்திரேட்டிடம் தெரிவிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் அவரைப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் அனுப்ப உத்தரவிடலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. அதற்கு முன்னால் நீங்களே செவிலியரிடம் நிலைமையைச் சொல்லி மாவட்ட மனநலக் குழுவைக் கேளுங்கள். மாத்திரையோ ஊசியோ ஒழுங்காகப் போக ஆரம்பித்தால், பெரும்பாலானவர்களுக்குக் கட்டவேண்டிய தேவையே சில வாரங்களில் போய்விடுகிறது.

"எனக்கு ஒன்றும் இல்லை, நான் வரமாட்டேன்" என்கிறார். என்ன செய்வது?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. தனக்கு நோய் இருப்பது தெரியாமல் இருப்பதே சில மனநோய்களில் நோயின் ஒரு பகுதி, அதனால் வாதாடி ஜெயிக்க முடியாது. "உனக்குப் பைத்தியம், வா" என்று கூப்பிட்டு யாரும் வந்ததில்லை. தூக்கமில்லை, தலைவலி, பசியில்லை என்று அவரே ஒத்துக்கொள்ளும் ஏதாவது ஒரு தொந்தரவு இருக்கும், அதற்குக் காட்டலாம் என்று கூப்பிடுங்கள். வீட்டில் யார் சொன்னால் கேட்பார் என்று பாருங்கள், அநேகமாக அது அப்பாவாக இருக்காது, தாய்மாமனோ கூடப் படித்தவனோ அத்தையோதான்.

அதற்கும் வரவில்லையென்றால் முதலில் நீங்கள் மட்டும் போங்கள். ஆள் இல்லாமல் போனால் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். மருந்து எழுத டாக்டர் ஆளைப் பார்த்தாக வேண்டும் என்பது சரிதான், ஆனால் வீட்டில் எப்படி நடந்துகொள்வது, எந்தக் கட்டத்தில் கட்டாயமாகக் கொண்டுவர வேண்டும் என்பதையெல்லாம் பேசிவிட்டு வரலாம், குழுவில் இருக்கும் சமூகப் பணியாளருக்கு உங்கள் ஊர் தெரிந்தும் போகும்.

அவரால் அவருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து, அல்லது தன்னையே கவனித்துக்கொள்ள முடியாத அளவுக்குப் போய்விட்டார் என்றால், அவர் சம்மதிக்காவிட்டாலும் சேர்க்க வழி இருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் அவருடைய பிரதிநிதியாக விண்ணப்பிக்க வேண்டும், மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு டாக்டரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும், முதலில் 30 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். இதற்குக் கோர்ட்டுக்குப் போய் ஆர்டர் வாங்க வேண்டியதில்லை. ஊரில் யாராவது அப்படிச் சொன்னால் அது பழைய சட்டத்துக் கதை.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கலாமா?

நிறைய வீடுகளில் செய்கிறார்கள், அதனால் மறைக்காமல் பேசுவோம். செய்யாமல் இருப்பதே நல்லது. அவருக்கு ஏற்கெனவே சோற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம் இருக்கும், ஒரு நாள் தெரிந்துவிட்டால் அந்தச் சந்தேகம் உண்மையாகிவிடும், பிறகு உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார். பக்க விளைவு வந்தால் எதனால் என்று அவருக்குச் சொல்லவும் முடியாது. ஏற்கெனவே கலந்து கொடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்திவிடாமல் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், அங்கிருந்து எப்படி வெளியே வருவது என்று அவர் சொல்வார்.

ராத்திரி நேரம், ஆள் கட்டுக்கடங்கவில்லை, பஸ்ஸும் இல்லை. யாரைக் கூப்பிடுவது?

108. மனநோயாளி என்று சொன்னால் வரமாட்டார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அவசரம் அவசரம்தான், கூப்பிடுங்கள். பெரியாஸ்பத்திரி வரை போக முடியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பி.எச்.சி. போதும். பதிவு பெற்ற எந்த டாக்டரும் அவசர மனநல சிகிச்சையை 72 மணி நேரம் வரை கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது, "இங்கே சைக்யாட்ரிஸ்ட் இல்லை" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால் இதைப் பணிவாகச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை அரிவாள், கடப்பாரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைக் கலையுங்கள், அவருக்குப் பிடித்த ஒருவர் மட்டும் தள்ளி நின்று மெதுவாகப் பேசட்டும். நாலு பேர் சேர்ந்து அமுக்குவதில்தான் முக்கால்வாசிக் காயம் ஆகிறது.

"செத்துப்போயிடலாம்னு இருக்கு" என்று சொல்கிறாள். நேரடியாகக் கேட்டால் தூண்டிவிட்டது மாதிரி ஆகாதா?

ஆகாது, கேளுங்கள். "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சியா?" என்று கேட்டால் பாரம் குறையும், எவ்வளவு அவசரம் என்பதும் உங்களுக்குப் புரியும். அன்று ராத்திரி தனியாக விடாதீர்கள். மனநல உதவி எண்ணான 14416க்கோ 104க்கோ எந்த நேரமும் கூப்பிடலாம்.

விவசாயம் செய்யும் வீட்டில் பூச்சிமருந்து கட்டிலுக்கு அடியிலும் பரணிலும்தான் கிடக்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் ஊருக்குப் பொதுவாக ஒரு இடத்தில் பூட்டுப் பெட்டிகள் வைத்து, எல்லோருடைய பூச்சிமருந்தையும் அங்கேயே வைத்து எடுக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தார்கள், நல்ல பலன் தெரிந்தது. ஊர் முழுக்கச் செய்ய முடியாவிட்டாலும், வீட்டில் இருப்பதைப் பூட்டி சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ள உங்களால் முடியும். இந்த எண்ணம் பெரும்பாலும் ஒரு அலை மாதிரி எழுந்து அடங்குகிறது, எழும் நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே பலர் பிழைத்துவிடுகிறார்கள்.

ஏதாவது குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர், சாணித்தண்ணீர் என்று கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள், டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதுதான் ஆளைக் கொல்கிறது. உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், அவரை அதற்காகத் தண்டிக்கக்கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது.

போனிலேயே டாக்டரிடம் பேச முடியாதா?

ஓரளவுக்கு முடியும். 14416 என்பது டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநலத் தொலைபேசி சேவை, 2022 அக்டோபரில் வந்தது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்ற பெயரில் நடக்கிறது. தமிழில் பேசலாம், காசு கிடையாது. முதலில் ஆலோசகர் எடுப்பார், தேவைப்பட்டால் மேலே இருக்கும் மருத்துவர்களுக்கு மாற்றுவார். பதற்றம், துக்கம், தூக்கமின்மை, என்ன செய்வது என்ற குழப்பம், இதற்கெல்லாம் நல்ல இடம். ஆனால் சில வருஷமாக முற்றிய நோய்க்கு இதை மட்டும் நம்பாதீர்கள், மாத்திரையை யாராவது கையில் கொடுத்தாக வேண்டுமே. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் என்ற சென்னை மனநலத் தொண்டு நிறுவனம் 2010 வாக்கில் ஒரு பஸ்ஸைத் தயார் செய்து ஊர் ஊராக அனுப்பியது, பஸ்ஸுக்குள் திரையில் சென்னை டாக்டர், இன்னொரு பக்கம் அந்த பஸ்ஸிலேயே மருந்து. மருந்தையும் கூடவே கொண்டுபோனதால்தான் அது நிலைத்தது என்பது என் எண்ணம்.

சரி, மாதாமாதம் மாத்திரை வாங்க ஒரு நாள் கூலி போகிறது. வேறு வழி உண்டா?

உண்டு, ஆனால் நீங்கள் வாய்விட்டுக் கேட்டால்தான் நடக்கும். முதல் ஒன்றிரண்டு மாதம் டாக்டர் அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. நிலைமை அடங்கியதும் மூன்று விஷயம் கேளுங்கள். இரண்டு மாதத்துக்குச் சேர்த்து மாத்திரை தர முடியுமா என்பது ஒன்று. பெரியாஸ்பத்திரியிலிருந்து உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எழுதி மாற்றிவிட முடியுமா என்பது அடுத்தது. "இதே மருந்தைத் தொடரவும்" என்று டாக்டர் நோட்டில் தெளிவாக எழுதியிருந்தால் அங்கே கொடுப்பது சுலபமாகிவிடும். அவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் வட்டார அளவிலான அரசு ஆஸ்பத்திரியிலிருந்து மேலே எல்லா இடத்திலும், எப்போதும், இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது சட்டம், தொலைதூரம் அலையவைக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் "ஸ்டாக் இல்லை" என்ற பதில் வரத்தான் செய்கிறது, எங்களுக்கும் வந்திருக்கிறது. அதனால் கடைசி மாத்திரை வரை காத்திருக்காமல் பத்து நாள் மாத்திரை கையில் இருக்கும்போதே கிளம்புங்கள், மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபடும் ஊர் என்றால் ஐப்பசிக்கு முன்பே கூடுதலாகக் கேட்டு வாங்கிவையுங்கள்.

மூன்றாவது ஊசி. ஃப்ளூஃபெனசின் போன்ற சில மருந்துகள் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசியாக வருகின்றன. தினமும் மாத்திரை விழுங்கவைக்கப் போராடும் வீட்டுக்கு இது பெரிய நிம்மதி. எல்லோருக்கும் ஒத்துவராது, டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் அவராகச் சொல்லும்வரை காத்திருக்காமல் கேளுங்கள்.

ஒரே ஊரிலோ பக்கத்து ஊரிலோ இன்னொரு குடும்பம் நிச்சயம் இருக்கும். வெட்கத்தை விட்டுப் பேசிக்கொண்டால் இந்த மாதம் நீங்கள், அடுத்த மாதம் அவர்கள் என்று இரண்டு நோட்டையும் ஒருவரே கொண்டுபோய் வாங்கிவரலாம்.

நன்றாகிவிட்டார். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். மனச்சோர்வுக்கு மருந்து வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், குணமான பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டும். இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் என்று வரும் மனச்சிதைவு நோய் முதல் தடவை வந்து சரியானவருக்கு ஒன்றிரண்டு வருஷமாவது சொல்வார்கள், திரும்பத் திரும்ப வந்தவருக்கு இன்னும் நீளும். குறைப்பதாக இருந்தாலும் டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார்.

மாத்திரை சாப்பிட்டால் ஆள் மரம் மாதிரி ஆகிவிடுகிறாரே?

உடம்பு விறைப்பு, கை நடுக்கம், வாயில் எச்சில் வடிவது, உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பது, இதெல்லாம் சில மருந்துகளின் பக்க விளைவு, அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ கூட ஒரு மாத்திரை சேர்த்தோ சரிசெய்யலாம். சொல்லாமல் நிறுத்துவதுதான் தப்பு. ஒலான்சபின் எடுப்பவருக்கு எடையும் சுகரும் ஏறலாம், பி.எச்.சி.யிலேயே பார்த்துக்கொள்ளலாம். குளோசபின் என்றால் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. கல்யாணமாகி குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு சோடியம் வால்ப்ரோயேட் எழுதியிருந்தால் கட்டாயம் கேளுங்கள், கருவுக்குக் கெடுதல், மாற்று மருந்து உண்டு.

காட்டுவேலை செய்பவர்கள், மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை பற்றித் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வெயிலில் வேர்த்துக் கொட்டி, தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ வாந்தி பேதி வந்தாலோ ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகிவிடும். உடம்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாத்திரைகளும் அதை ஏற்றும். கை பெரிதாக நடுங்கி, தள்ளாடி, நாக்கு குழறினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

செலவுக்கும் பஸ்ஸுக்கும் ஏதாவது உதவி?

அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சையும் மருந்தும் இலவசம். நீண்டநாள் நோய் என்றால் மாற்றுத்திறனாளி சான்று வாங்கலாம், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது, பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மனநல மருத்துவர் மதிப்பிட வேண்டும். அந்த அடையாள அட்டை இருந்தால் சாதாரண டவுன் பஸ்ஸில் அவருக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது. எந்த உதவித்தொகைக்குத் தகுதி என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

சரியாகாது. நன்றாகி, அவரும் விரும்பி, எதிர் வீட்டாரிடம் சொல்லிச் செய்தால் அது வேறு. மறைத்துச் செய்தால் முதலில் நிற்பது மாத்திரைதான், புது வீட்டில் யாருக்கும் தெரியாமல் எப்படிச் சாப்பிடுவது?

வீட்டை விட்டுப் போய்விட்டார், காணவில்லை.

ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் போலீஸில் புகார் கொடுங்கள், போட்டோவும் மருந்துச் சீட்டு நகலும் சேர்த்து. தெருவில் சுற்றும் மனநோயாளியைப் போலீஸ் 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. சில மாவட்டங்களில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே அரசின் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இருக்கின்றன, பக்கத்து மாவட்டங்களையும் விசாரியுங்கள்.

மாதம் இவ்வளவு கட்டினால் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு தனியார் ஹோமில் சொல்கிறார்கள். விடலாமா?

மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று சான்றைக் கேளுங்கள், எந்த மனநல டாக்டர் எந்த நாளில் வருகிறார் என்று கேளுங்கள், முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் போய் உள்ளே தங்கும் அறையைப் பாருங்கள். உள்ளே விடவில்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

டாக்டர் ஐந்து நிமிஷம்தான் பார்க்கிறார். அதற்குள் என்ன சொல்வது?

நூறு பேர் வரிசையில் நிற்கும் ஓ.பி.யில் அவரால் அவ்வளவுதான் முடியும். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வையுங்கள், வீட்டில் படிக்கும் பிள்ளை எழுதட்டும். தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பாடு, குளிக்கிறாரா, வேலைக்குப் போகிறாரா, எந்தெந்த நாள் மாத்திரை விட்டுப்போனது, புதிதாக என்ன தொந்தரவு, குடிக்கிறாரா. குடியை மறைக்காதீர்கள், மருந்தின் அளவே மாறும். பழைய சீட்டுகள், காலி மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு நோட்டோடு எடுத்துப் போங்கள். கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும், அதற்குள் மாத்திரை தீர்ந்தால் எங்கே வாங்குவது? இரண்டாவதற்குப் பதில் நோட்டில் எழுதி வாங்காமல் அந்த அறையை விட்டு எழுந்து வராதீர்கள்.